காத்து வருது, நிக்க மாட்டேங்குது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. காதில் விழுந்தது.

வீட்டு கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் வாங்கப் போயிருந்தேன். கம்ப்ரெசரும் ரப்பர் டியூபும் தெளிப்பான்களும் உச்சி வரை அடுக்கிய கடை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், கல்லா மேஜையில் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பேனா அளவுதான் இருக்கும். வெள்ளி நிறம், முதுகில் ஒரு குட்டிக் கிண்ணம், விரல் வைத்து அழுத்த ஒரு பொத்தான்.

"காத்து வருது, நிக்க மாட்டேங்குது," என்றாள் ஒருத்தி. "வந்த வேகத்துல இளைச்சிடுது."

கடைக்காரர் அதைத் தன் கம்ப்ரெசரில் மாட்டி அழுத்தினார். புஸ்ஸென்று வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"நல்லாத்தானே வருது?"

"இங்க வரும். அங்கதான் வராது."

"அப்ப அங்க போய்ப் பாருங்கம்மா. இங்க எதுக்கு வந்தீங்க?"

எனக்குக் கை பரபரத்தது. அவர்கள் எதற்கு வண்ணம் அடிக்கிறார்கள், 'அங்க' என்பது எங்கே, எதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். பதில் கிடைத்தால் எனக்கு வேலை இல்லை. பெயிண்ட் வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். கேட் இன்னும் துருப்பிடித்தபடி நிற்கிறது. கதை ஆரம்பித்துவிட்டது!

2

ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்கப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் அவள் வரைந்துகொண்டிருந்த தீ பாதியில்——"

வேண்டாம். காற்று நின்றால் அங்கே என்ன குடி முழுகிப்போகும்? தீ பாதியில் அணையும். பைக் எப்போதும்போல ஓடும்.

இரண்டாம் தொடக்கம்: "மூன்றடுக்கு கேக்கின் நடு அடுக்கில் ரோஜா சிவக்கத் தொடங்கியபோது——"

இதுவும் வேண்டாம். கேக்கில் தவறாக ஒரு புள்ளி விழுந்தால் மேலே ஒரு பழத்தை வைத்து மறைத்துவிடலாம். மறைத்துவிட முடிகிற தவறை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அப்படியானால் மறைக்கவே முடியாதது எது என்று யோசித்தேன். எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருப்பது, புள்ளி விழுந்தால் அழிக்க முடியாதது, ஆனால் யாரும் கவனிக்கவே கூடாது என்பதற்காகச் செய்யப்படுவது...

காது!

எழுந்து நின்றுவிட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. வழியட்டும். காது இழந்த ஒருவருக்குச் சிலிக்கானில் செய்யும் காது. அதற்குத் தோல் நிறம் கொடுக்க இந்தக் கருவி, ஏர்பிரஷ். காற்றின் அழுத்தத்தால் வண்ணத்தைப் பனி மாதிரித் தூவும். அழுத்தம் சீராக இருந்தால் நரம்பின் நீலம்கூட நூலாக விழும். குறைந்தால் துப்பும். காதில் துப்பிவிட்டால் போயிற்று. இறுகின சிலிக்கானில் விழுந்த புள்ளியைச் சுரண்டி எடுக்க முடியாது. புதிதாக வார்க்க வேண்டும்.

3

இனி ஆட்கள்.

கடையில் பார்த்த இருவரை அண்ணியும் நாத்தனாருமாக ஆக்கிக்கொண்டேன். அண்ணி அச்சு எடுத்து வார்ப்பவள். நாத்தனார் வண்ணமடிப்பவள். கோபம் எப்போதும் மூக்கின்மேல் உட்கார்ந்திருப்பதால் அண்ணி அவளுக்கு வைத்த பெயர் மூக்கி. அண்ணன் இருக்கிறார், இந்தக் கதைக்குள் வர மாட்டார். அவரைப் பற்றிப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு சுவர் முழுக்கப் பல்வரிசை மாதிரி வெள்ளை அச்சுகள். ஒரு மூலையில் கம்ப்ரெசர். அதன் தலையில் அழுத்தத்தைக் காட்டும் வட்ட மீட்டர். அங்கிருந்து ஒரு ரப்பர் டியூப் தரையோடு தரையாக ஜன்னலோர மேஜைக்குப் போகிறது. காதின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதால் மேஜை ஜன்னலோரம். போகிறவர் வருகிறவர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் டியூப்பின்மேல் ஒரு தடித்த மிதியடி.

ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி. அதில் டிக்கெட்காரம்மா.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். ஒரு கட்டிக்காக அறுவை செய்தபோது காதும் போனது.* அதன்பின் அவரை டிக்கெட் ஜன்னலிலிருந்து எடுத்துப் பார்சல் அறையில் போட்டார்கள். யாரும் தவறாக எதுவும் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் அங்க ரெஸ்டா இருங்க," என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவரே மேலதிகாரியிடம் போய், "நாளைக்கு நான் ஜன்னலுக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டார்.

நாளைக்கு! இன்னும் காது முடியவில்லை.

"முடியத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் போய் உக்காரணும்," என்றார் மூக்கியிடம். "வேற ஒண்ணும் வேணாம். எத்தனை நாளா இந்தப் பக்கம் முடியத் தொங்கவிட்டுக்கிட்டு, வேர்த்து வேர்த்து, கழுத்தெல்லாம் அரிப்பு. அங்க நான் உக்காந்தா கொண்டை போட்டுக்கிட்டுத்தான் உக்காருவேன்."

கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது இதுதான். ஒரு கொண்டை.

(* வலது காதா, இடது காதா? முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உங்களுக்குத் தெரிய வேண்டாம். யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடு?)

4

அடித்தோல் மஞ்சள் முடிந்தது. அதன்மேல் பொதுவான மாநிறம் முடிந்தது. மடலின் ஓரச் சிவப்பு, உள்மடிப்பு நரம்பு, காதைச் சுற்றிய விளிம்பு மூன்றும்தான் பாக்கி. போன தடவை உட்கார்ந்தபோதே காற்று மக்கர் செய்தது. அதனால்தான் கருவியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடையில் அது ஒழுங்குப் பிள்ளையாக நடந்துகொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மூக்கி கிண்ணத்தில் சிவப்பை ஊற்றினாள். எப்போதும் முதலில் காகிதத்தில்தான் அடித்துப் பார்ப்பாள். அழுத்தினாள். முதல் மூச்சு கச்சிதம். அடுத்த கணம் சத்தம் தேய்ந்தது. தூவல் சொரசொரப்பாகிப் பின் 'ப்ளக்' என்று துப்பியது.

"அண்ணி, அதே கதைதான். காத்து வருது, நிக்க மாட்டேங்குது."

அண்ணி மூலையில் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். "இருபதுல நிக்குது. இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்குது."

"மீட்டர் நிக்குது. காத்து நிக்கல."

"அப்ப உன் கையில இருக்கிறதப் பாரு. என் மெஷினக் குத்தம் சொன்னே, அப்புறம் தெரியும்."

கம்ப்ரெசர் அண்ணியின் ராஜ்ஜியம். ஏர்பிரஷ் மூக்கியின் ராஜ்ஜியம். நடுவில் உள்ள டியூப் யாருடையது என்று இதுவரை பேச்சு எழுந்ததில்லை.

மூக்கி வண்ணத்தை இன்னும் நீர்க்கக் கலந்தாள். அதே கதை. ஊசியை உருவித் துடைத்தாள், முனையைக் கழற்றிக் கழுவினாள், ஒளியில் தூக்கிப் பார்த்தாள். ஓட்டை சுத்தமாகத் தெரிந்தது. மாட்டி அழுத்தினாள். ஒரு நல்ல மூச்சு, பிறகு இளைப்பு.

"எங்கயோ ஒழுகுது," என்று தீர்ப்புச் சொன்ன அண்ணி, சோப்புத் தண்ணீரும் பழைய தூரிகையுமாக வந்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால், காற்று கசிகிற இடத்தில் நுரை குமிழ்விடும். "மேடம், கொஞ்சம் எழுந்து அந்தப் பக்கமா நின்னுக்கோங்க. புடவையில தெறிச்சிடும்."

டிக்கெட்காரம்மா எழுந்து கதவருகே போய் நின்றார். அண்ணி தடவினாள். எங்கும் குமிழ் இல்லை. மூக்கி அழுத்திப் பார்த்தாள்.

வந்தது! கடையில் வந்த மாதிரி, ஒரே சீராக, நிற்காமல்.

"பாத்தியா? சோப்புக்குப் பயந்துடுச்சு," என்றாள் அண்ணி. "வாங்க மேடம், உக்காருங்க."

உட்கார்ந்தார். மூக்கி அழுத்தினாள். இளைத்தது.

மறுபடி எழுந்தார், கம்ப்ரெசருக்குப் பக்கத்தில் காற்றின் ஈரத்தைத் தண்ணீராகப் பிடித்துவைக்கும் கண்ணாடிக் குப்பியைத் திறந்து வடித்தார்கள், அழுத்தினால் அருமை. மறுபடி உட்கார்ந்தார், போச்சு.

இந்த இடத்தில் அந்த அறையில் மூன்று பேர் மூன்று விதமாக நினைத்தார்கள். இதற்காகத்தான் நான் கதை எழுதுகிறேன். இந்தச் சில நொடிகளுக்காக!

அண்ணி நினைத்தாள்: கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

டிக்கெட்காரம்மா நினைத்தார்: நான் எழுந்தால் வருகிறது. நான் உட்கார்ந்தால் நிற்கிறது.

மூக்கி நினைத்தாள்: என் விரல்தான். இவர் பக்கத்தில் இருந்தால் என் விரல் முழுசாக அழுத்த மறுக்கிறது.

5

இங்கே ஓர் ஐந்தாம் பகுதி இருந்தது. எடுத்துவிட்டேன். அதன் முதல் வரியை மட்டும் விட்டுவைக்கிறேன்:

"சின்ன வயதிலிருந்தே மூக்கிக்கு, யாராவது தன் கையை உற்றுப் பார்த்தால்——"

மூன்று பக்கம் எழுதினேன். பள்ளிக்கூடம், கரும்பலகை, சாக்பீஸ் உடைந்தது, வகுப்பே சிரித்தது. எழுதும்போது எனக்கே புல்லரித்தது. புல்லரித்ததால்தான் சந்தேகம் வந்தது.

என் வாசகர்களுக்கு என்னைத் தெரியும். என் கதைகளில் குழாய் ஒழுகினால் யாரோ அழப்போகிறார்கள் என்று அர்த்தம். பல்ப் அணைந்தால் ஒரு கல்யாணம் முறியும். எந்தப் பொருளும் என் கையில் பொருளாக இருந்ததில்லை. எல்லாவற்றையும் திறந்து உள்ளே மனசு இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பெண் உட்கார்ந்தால் நின்றுபோகிற காற்று கிடைத்தால் விடுவேனா? அல்வா மாதிரி.

பிரதியை மூடிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனேன். பாதியில் தண்ணீர் இளைத்தது. குழாயைத் திட்டினேன். மேல் தொட்டியைத் திட்டினேன். தொட்டியை நிரப்பாமல் விட்டதற்காக வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித் திட்டினேன். அப்புறம் நான் அன்றைக்குச் சரியாகத் தூங்காததுதான் காரணமோ என்றுகூட——

கீழே பார்த்தேன்.

கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். என்ன பார்த்தேன் என்பதை இப்போதே சொன்னால் அடுத்த பகுதி வீணாகிவிடும். நீங்கள் ஊகித்திருப்பீர்கள். பரவாயில்லை, வாயைத் திறக்காமல் கூடவே வாருங்கள்.

6

"நான் வேணா இன்னொரு நாள் வரட்டுமா?" என்றார் டிக்கெட்காரம்மா. மெதுவாகத்தான் சொன்னார். "நாளைக்கு இல்லன்னா என்ன, பார்சல்லயே இருக்கேன். அங்க மூட்டைங்க ஒண்ணும் கேக்காது."

மூக்கிக்கு மூக்கு சிவந்தது. அவரிடம் கோபமில்லை, தன் விரலிடம் கோபம். "நாளைக்குத்தான். நீங்க நாளைக்குத்தான் போறீங்க."

"இல்ல, நான் இருந்தாலே..."

"மேடம், சும்மா இருங்க," என்றாள் அண்ணி. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தூரிகையைப் பிழிந்துகொண்டிருந்தாள். "ஒரு காதுக்கு இவ்ளோ பாடு. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் ஒண்ணும் ஏறாது. சும்மா அலங்காரத்துக்கு வெச்சிருக்காரு. ஒண்ண உங்களுக்குக் குடுத்திருக்கலாம்."

"எங்க அண்ணன ஏன் இழுக்கிறீங்க?" என்றாள் மூக்கி, அனிச்சையாகக் காகிதத்தில் அழுத்திப் பார்த்தபடி.

"கலர்தான் சேராது. உங்க அண்ணன் காது, கழுவினாத்தானே கலர் தெரியும்!"

டிக்கெட்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, வாய்விட்டு.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

மூக்கி கையைப் பார்த்தாள். காற்று! முழுசாக, சீராக. சிரிப்பு நின்றது. காற்று இளைத்தது.

"அண்ணி!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. மேடம், திரும்பச் சிரிங்க!"

"என்னது?"

"சிரிங்கன்னா சிரிங்க! சிரிச்சா காத்து வருது!"

இப்படி அதட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பின்னால் சாய்ந்து சிரித்தார். வந்தது. மூச்சு வாங்க முன்னால் குனிந்தார். நின்றது. மறுபடி சாய்ந்தார். வந்தது. அண்ணி தரையில் கையால் தாளம் போட்டாள். மூவரும் சிரித்தார்கள். மூக்கி காகிதத்தில் விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு முழுவதும் சிவப்புக் கோடாகக் காகிதத்தில் விழுந்திருந்தது: சாய்ந்த இடமெல்லாம் நூல், குனிந்த இடமெல்லாம் துப்பல்.

[இங்கேயே நிறுத்திவிடலாமா என்று கை துறுதுறுத்தது. ஒரு பெண் சிரித்தால் காற்று வருகிறது! தலைப்பைக்கூட யோசித்துவிட்டேன். ஆனால் செடிக்குத் தண்ணீர் விட்ட கால் இன்னும் ஈரமாக இருந்தது.]

மூக்கி கோட்டைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். டிக்கெட்காரம்மா சாயும்போது நாற்காலியின் முன்கால்கள் மிதியடியை விட்டு அரை விரல் எழும்பின. குனிந்தால் இறங்கின. இறங்கிய இடத்தில், மிதியடிக்குக் கீழே, ஒரு மேடு.

டியூப்.

வெளிச்சத்துக்காக நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருந்தார்கள். தடுக்கக் கூடாதென்று டியூப்பை மிதியடியால் மூடியிருந்தார்கள். நாற்காலியின் கால் டியூப்பின் கழுத்தில் ஏறி நின்றது. முழுசாக நசுங்கவில்லை, அதனால் காற்று மெல்ல மெல்ல ஊறி நிறையும், அந்த முதல் மூச்சு மட்டும் நன்றாக வரும், பிறகு இளைக்கும். மீட்டர் இருப்பதோ அந்தப் பக்கம், மூலையில். அதற்கு இந்தப் பக்கத்துச் சங்கதி எதுவும் தெரியாது. காற்று வருகிற வழியைச் சோதித்துப் பார்த்த ஒவ்வொரு தடவையும், புடவையில் தெறிக்கக் கூடாதே என்ற மரியாதையில், அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் சோதித்தார்கள்!

மூக்கிக்குத் தன் விரல்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. அதை முத்தமிட வேண்டும்போல இருந்தது. இவ்வளவு நேரம் தன் கையைச் சந்தேகப்பட்டவள் ஒரு தடவைகூட நாற்காலியைச் சந்தேகப்படவில்லை. ஏன்? மேஜை நாற்காலியைவிட நம்மை நாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஏன் அவ்வளவு சுலபமாக இருக்கிறது? (இந்தக் கேள்வியை எனக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின்மேல் நின்றுகொண்டு தூக்கத்தைச் சந்தேகப்பட்டவள் நான்.)

7

ஆனால் இதை எப்படிச் சொல்வது?

யோசித்துப் பாருங்கள். தான் இருந்தாலே எல்லாம் தடைபடுகிறது என்று ஏற்கெனவே முடிவுகட்டியிருக்கிற பெண். ஜன்னலிலிருந்து பார்சல் அறைக்கு மாற்றப்பட்டவர். "இன்னொரு நாள் வரட்டுமா" என்று கேட்டவர். அவரிடம் போய், நிஜமாகவே நீங்கள் உட்கார்ந்ததால்தான் காற்று நின்றது என்று சொல்ல வேண்டும்.

முதல் பிரதி:

"மேடம், நீங்க உக்காந்திருக்கிறதாலதான்——"

உடனே அடித்தேன்.

இரண்டாம் பிரதி:

"கம்ப்ரெசர்ல ஒரு ஸ்க்ரூ லூஸ் மேடம், சரியாயிடுச்சு," என்று சொல்லிவிட்டு மூக்கி நாற்காலியை நைசாக——

இது அன்பான பொய். ஆனால் "கொஞ்ச நாள் ரெஸ்டா இருங்க" என்று சொன்னவர்களும் அன்பாகத்தான் சொன்னார்கள். அவரைச் சுற்றி, அவருக்குத் தெரியாமல், இன்னுமொரு ஏற்பாடா? அடித்தேன்.

மூன்றாம் பிரதிக்குப் பேனாவைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"யாருடி இந்த நாற்காலிய இங்க போட்டது?" மூக்கியின் கண் போன இடத்தில் மிதியடியின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"நீங்கதான்."

"நானா? வெளிச்சம் வேணும், வெளிச்சம் வேணும்னு உயிர எடுத்தது யாரு?"

"வெளிச்சம்தான் கேட்டேன். டியூப்மேல மிதியடியப் போட்டு மூடச் சொன்னேனா? செத்த பாம்பு மாதிரி மூடி வெச்சிருக்கீங்க!"

"தடுக்கி விழுந்து மூக்கு உடைஞ்சா உனக்கு நான்தானே மூக்கு வார்க்கணும்!"

இவர்கள் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்திருந்த டிக்கெட்காரம்மா தானே குனிந்தார். பார்த்தார். நாற்காலிக் கால், அதன் கீழே நசுங்கிய ரப்பர்.

இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் இங்கே அவர் அழுவார் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் முகம் வாடும் என்று. ஒரு நல்ல வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

"அடப் பாவமே!" என்றார். "இவ்ளோ நேரமும் அது கழுத்துமேலயா உக்காந்திருந்தேன்? ஏங்க, நாற்காலியத் தள்ளிப் போட்டா முடிஞ்சுதுல்ல? இதுக்கா என்னப் போட்டு உக்காரு எந்திரின்னு பள்ளிக்கூடம் மாதிரி..."

எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கி ஓரடி தள்ளி வைத்தார். புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, 'டொம்' என்று, முழு எடையோடு உட்கார்ந்தார்.

"இப்ப அடிங்க."

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

நான் ஒரு பெண்ணைக் கண்ணாடிப் பாத்திரமாக நினைத்துக்கொண்டு பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவரோ, தன்னைப் பார்த்துத் தயங்கிய மனிதர்கள் யார், வெறும் நாற்காலிக் கால் எது என்று என்னைவிடத் தெளிவாகப் பிரிக்கத் தெரிந்தவர். தாங்க முடியாத சந்தோஷம் எனக்கு. எழுதினவளையே ஒதுங்கி நில் என்று சொல்கிற ஆள் வருவது எத்தனை கதைக்கு ஒருமுறை!

8

கிண்ணத்தில் இருந்த சிவப்பு அதற்குள் இறுகத் தொடங்கியிருந்தது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தாள் மூக்கி. ஓரச் சிவப்பு ஒரே மூச்சில் விழுந்தது. நரம்பின் நீலத்தைச் சுழித்து இறக்கினாள். இருக்கிற காதைப் பார்த்தாள், செய்கிற காதைப் பார்த்தாள், மாற்றி மாற்றி. கைக்குள் ஒரு காது உயிர்பெற்று வெட்கப்படுவது மாதிரி இருந்தது.

விளிம்பு மட்டும் மிச்சம். அது கன்னத்தோலோடு சேர்கிற இடம். அதற்கு இருக்கிற காதைப் பார்த்துப் பயனில்லை. காது இல்லாத பக்கத்துத் தோலைப் பார்க்க வேண்டும். அச்சு எடுத்தபோது அதைப் பார்த்தது அண்ணி மட்டும்தான். மூக்கி இதுவரை கேட்டதில்லை. முடி தொங்குகிற பக்கம் கண்ணே போகாதபடி உட்கார்ந்து பழகியிருந்தாள்.

"மேடம், விளிம்புக்கு..."

"என்ன?"

"அந்தப் பக்கம் பாக்கணும்."

டிக்கெட்காரம்மா அவளைப் பார்த்தார். "இவ்ளோ நாள் பாக்காமயா அடிச்சே?"

"ஆமா."

"நல்ல ஆளு போ." முடியை இரண்டு கையாலும் வாரி எடுத்தார். மணிக்கட்டில் கிடந்த ரப்பரைப் பல்லால் இழுத்துக்கொண்டு, தூக்கிக் கட்டினார். ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பினார். "நல்லாப் பாத்துக்கோ. அவசரமில்ல."

மூக்கி பார்த்தாள். பார்க்க வேண்டியதெல்லாம் தோல்தான். கொஞ்சம் வெளுத்த, முடி மூடியிருந்ததால் வெயில் படாத தோல். மற்ற பக்கத்தைவிட ஒரு சொட்டு மஞ்சள் குறைவு. பார்க்காமல் அடித்திருந்தால் விளிம்பு கோடு போட்ட மாதிரித் தெரிந்திருக்கும்!

ஒரு சொட்டு மஞ்சளைக் குறைத்தாள். காகிதத்தில் அடித்தாள். பிறகு காதில். விரல் அழுத்தியதற்கு ஏற்பக் காற்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவள் சொன்ன பேச்சைக் கேட்டது.

அண்ணி பசையோடு வந்து காதைப் பொருத்தினாள். அழுத்திப் பிடித்தாள். கையை எடுத்தாள். இருவரும் பின்னால் நகர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள்.

"ஏண்டி மூக்கி," என்றாள் அண்ணி, சன்னமாக. "எந்தப் பக்கம் நாம செஞ்சது?"

இதுதான் முடிவு! எழுதியதும் துள்ளிக் குதித்தேன்.

9

குதித்திருக்கக் கூடாது. மூக்கி வாயைத் திறந்துவிட்டாள்.

"மேடம், உங்க ஜன்னல்ல என்ன லைட்டு?"

"டியூப்லைட்டு. ஏன்?"

மூக்கியும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல இருக்கிற இரண்டு நிறங்கள் டியூப்லைட்டின் கீழே ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தோல் ஒருவிதமாக வெளிச்சத்தை வாங்கும், சிலிக்கான் வேறுவிதமாக வாங்கும். பட்டறையிலோ டியூப்லைட் இல்லை, மஞ்சள் பல்ப்தான்.

"கொஞ்சம் பச்சையா தெரியலாம்," என்றாள் மூக்கி. "தெரியாமலும் போகலாம். சொல்ல முடியல."

டிக்கெட்காரம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கொண்டை அப்படியே இருந்தது. "அதையும் போய்த்தான் பாக்கணும்," என்றார். "வர்றேன்மா." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். மூக்கி ஜன்னலில் நின்று அவர் திருப்பம் தாண்டும்வரை பார்த்தாள். இரண்டு பக்கமும் காது.

10

முடிவுகள். எழுதிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அ) மறுநாள் அவர் போன் செய்து அழுகிறார், சந்தோஷத்தில். (வேண்டாம். அழுதால் பசை விடும் என்று அண்ணி எச்சரித்தே அனுப்பியிருப்பாள்.)

ஆ) டியூப்லைட்டில் காது பச்சையாகத் தெரிகிறது. யாரோ ஒரு குழந்தை, "அம்மா, அந்தக் காதப் பாரேன்——" (வேண்டாம். குழந்தைகளை இந்த மாதிரி வேலைக்கு இழுப்பது எழுத்தாளர்களின் கெட்ட வழக்கம்.)

இ) மூக்கி டிக்கெட் வாங்குவது மாதிரிப் போய்——

இல்லை. மூக்கி போனால் அவள் காதைத்தான் பார்ப்பாள். அண்ணி போனாலும் அப்படித்தான். நான் போனால் கேட்கவே வேண்டாம். இந்தக் காது தேறியதா இல்லையா என்று சொல்ல எங்களில் யாரும் லாயக்கில்லை. எங்களுக்குத் தெரியும், அதனால் பார்ப்போம். தெரியாமல் வருகிற ஒருவர்தான் சொல்ல முடியும். நீங்களும் இப்போது தெரிந்தவராகிவிட்டீர்கள், நான்தான் கெடுத்துவிட்டேன். ஆனாலும் உங்களைவிட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

நாளைக்குக் காலை. டிக்கெட் வரிசை. டியூப்லைட் எரிகிறது, ஒரு முனை லேசாகத் துடித்தபடி. வரிசை நகர்கிறது. உங்கள் முறை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், முடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறார், தலையை நிமிர்த்தி உங்களைப் பார்க்கிறார்.

"எங்க போகணும்?"

சொல்லுங்கள். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பின்னால் ஆள் நிற்கிறது.